பெயர் பெற்ற பூக்கள் – 11: வரைந்தவர் கோவிந்து

1828-ஆம் ஆண்டு சென்னை அரசாங்கம் சிக்கனம் பிடித்தது. கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் கத்தரி வைத்த பதவிகளில் ஒன்று 'மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்'. கிழக்கிந்தியக் கம்பெனியின் செலவில் மாகாணம் முழுக்கச் சுற்றிச் செடிகொடிகளைச் சேகரித்துப் பதிவு செய்யும் வேலை அது. கோனிக், ரஸ்ஸல், ராக்ஸ்பர்க், ஹெய்ன், ஷூட்டர் என்று கைமாறி வந்த நாற்காலி. அப்போது அதில் உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பதவி போனது, சேர்த்து வைத்த உலர்தாவரக் கட்டுகளும் கப்பலேறி லண்டன் போயின. அங்கே தாவரவியலாளர் வாலிச் உட்கார்ந்துகொண்டு, கம்பெனியிடம் குவிந்திருந்த இந்தியச் செடிகளைப் பங்கு பிரித்து ஐரோப்பா முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். சென்னைச் சரக்கும் அந்தக் குவியலில் கலந்தது. வைட்டை நாகப்பட்டினத்துக்குக் காவற்படை மருத்துவராக மாற்றினார்கள்.

சென்ற இரண்டு அத்தியாயங்களில் தரங்கம்பாடிப் பாதிரிமாரையும் மருத்துவர்களையும் பார்த்தோம். 1768-இல் வந்திறங்கிய கோனிக்கின் பெயர் நம் வீட்டுக் கறிவேப்பிலையோடு ஒட்டிக்கொண்ட கதையும், செடி காயவைத்த அதே கையால் தமிழ் அகராதி தொகுத்த ராட்லரின் கதையும் அங்கே வந்தன. அவர்களில் பலர் தாங்கள் கண்ட செடியை ஐரோப்பாவில் உள்ள பெரியவர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். பெயர் வைக்கும் வேலை லின்னேயஸிடமோ ரெட்சியஸிடமோ நடந்தது. இந்த அத்தியாயத்தில் அந்த வேலை மெல்ல மெல்லச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடம் மாறுகிறது. அதற்குக் காரணம் வைட் மட்டும் இல்லை. அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்த இரண்டு ஓவியர்களும்தான். என் கணக்கில் அவர்களுக்குப் பங்கு பாதிக்குக் குறையாது.

வைட் 1796-இல் ஈஸ்ட் லோதியனில் பிறந்தவர். எடின்பரோவில் 1818-இல் மருத்துவப் பட்டம், அடுத்த ஆண்டே கம்பெனிப் படையில் உதவி மருத்துவராகச் சென்னை. டாக்டருக்கும் செடிக்கும் என்ன தொடர்பு என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அன்றைக்கு மருந்தில் பெரும்பங்கு செடியிலிருந்துதான் வந்தது. மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கட்டாயப் பாடம் போலத்தான். படையோடு ஊர் ஊராகப் போகும் மருத்துவருக்குப் போகிற வழியெல்லாம் காடு. இந்தியத் தாவரவியலின் முதல் நூறாண்டைப் பட்டாள டாக்டர்களின் வரலாறு என்றே எழுதிவிடலாம்.

பதவி பறிபோன பிறகு வைட் சோர்ந்து உட்காரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்குச் செடிகளையும் படங்களையும் அனுப்பத் தொடங்கினார். ஹூக்கர் நடத்திய தாவரவியல் தொகுப்பில் அந்தப் படங்கள் அச்சேறின. வரைந்தவர் ரங்கையா. ஆங்கிலத்தில் 'ருங்கையா' என்று எழுதினார்கள். பெயரைப் பார்த்தால் தெலுங்கு வீட்டார் என்று தெரிகிறது. 1820-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வைட்டுக்காக வரைந்தார்.

1831-இல் வைட் மூன்றாண்டு விடுப்பில் ஊருக்குக் கிளம்பினார். கூடவே போன சாமான்: சுமார் 1,00,000 உலர்மாதிரிகள், 3,000 முதல் 4,000 சிற்றினங்கள், எடை 2 டன். விடுப்பில் போகிற மனிதர் எடுத்துப்போகிற சுமையா இது! அழுத்தி உலர்த்திய ஒவ்வொரு செடிக்கும் எவ்வளவு வேலை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பறித்த அன்றே உறிஞ்சுதாளுக்கு நடுவே விரித்து வைத்து, இலை ஒன்றையாவது புரட்டி அடிப்பக்கம் தெரியும்படி வைத்து, பலகையால் அழுத்திக் கட்ட வேண்டும். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் தாளே காயாது. நெருப்பருகில் வைத்து உலர்த்த வேண்டும். தவறினால் மறுநாள் பூஞ்சணம். காய்ந்த பிறகு பூச்சி. அதற்குச் சவ்வீரம் கரைத்துப் பூசுவது அக்கால வழக்கம். பாதரச விஷம், பூசுகிறவருக்கும் சேர்த்துத்தான். இதையெல்லாம் வைட் ஒருவர் கையால் செய்திருக்க முடியாது. மலைக்கு ஆளனுப்பிச் செடி வரவழைத்தார். கட்டுவதற்கும் ஆள் வைத்திருந்தார்.

ஸ்காட்லாந்தில் வைட்டுக்குத் தோள் கொடுத்தவர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட். சட்டம் படித்துவிட்டு, வழக்காடுவதை விட்டுச் செடிக்கு வந்தவர். ஒரு நாளும் இந்தியாவைப் பார்த்தவர் இல்லை. ஆனால் பழைய புத்தகங்களில் எந்தச் செடிக்கு யார் எப்போது என்ன பெயர் வைத்தார் என்பதைத் துருவித் துருவிப் பார்ப்பதில் கெட்டிக்காரர். இருவரும் சேர்ந்து 1834-இல் 'இந்தியத் தீபகற்பத் தாவரங்களின் முன்னுரைநூல்' என்று சொல்லத்தக்க புரோட்ரோமஸின் முதல் தொகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தொகுதி வரவே இல்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு நூல்தான் நமக்கு முக்கியம்: 'இந்தியத் தாவரவியலுக்குச் சில பங்களிப்புகள்'. அதில் சூரியகாந்திக் குடும்பத்தை ஜெனீவாவின் டி கேண்டோல் எழுதினார். கோரைக் குடும்பத்தை ஜெர்மனியின் நீஸ் எழுதினார். எருக்கங் குடும்பத்தை வைட்டும் ஆர்னட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியில் ஒரு புதிய பேரினம் வருகிறது. பெயர் டெகாலெப்பிஸ், சிற்றினம் ஹாமில்டோனி.

நம் ஊரில் அதன் பெயர் மாகாளிக் கிழங்கு.

தஞ்சை, திருச்சிப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை நீக்கி, பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாயும் கடுகுப் பொடியும் சேர்த்துத் தயிரில் ஊறப்போட்ட ஊறுகாய். பிடித்தவர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்பார்கள். அந்த வாசனைக்குக் காரணமான பொருள் வெனிலாவின் வாசனைப் பொருளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டிலும் அணுக்கள் அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேறு. நான் முதல் கட்சி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிழங்கைத் தோண்டுகிற மலைக்காரருக்குத் தெரியும். சந்தை வியாபாரிக்குத் தெரியும். ஊறுகாய் போடுகிற பாட்டிக்குத் தெரியும். பிறகு 1834-இல் அது 'புதிது' ஆனது எப்படி?

பக்கத்து உறவான நன்னாரியைப் பாருங்கள். அதற்கு லின்னேயஸே 1753-இல் பெயர் வைத்துவிட்டார். அவர் அதைச் சேர்த்த பேரினம் பிறகு மாறியது. ஆனால் பதிவு இருந்தது. மாகாளிக்குப் பதிவு இல்லை. காரணம் கிழங்கைப் பார்த்தாலே புரியும். சந்தைக்கு வருவது வேர். சமையலுக்கு வேர் போதும். தாவரவியலாளனுக்கு வேரால் பெரிய பயன் இல்லை. அவனுக்குப் பூ வேண்டும். பூவோ பாறைச் சரிவுகளில் படரும் கொடியில், அதுவும் குறிப்பிட்ட பருவத்தில், சிறிதாக வெளுப்பாகப் பூக்கிறது. தோண்ட வருகிறவருக்குப் பூ தேவையில்லை. பூவைத் தேடுகிறவர் அந்தப் பருவத்தில் அந்தச் சரிவில் இருக்க வேண்டும்.

கிடைத்த பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பிரிக்கிறார்கள். எருக்கங் குடும்பத்தில் எல்லாச் சூட்சுமமும் பூவின் நடுவில் இருக்கிறது. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக உதிராது; மெழுகுபோல் கட்டியாகி, இரட்டைப் பைகளாகத் தொங்கும். நன்னாரியிலும் மாகாளியிலும் அப்படி இல்லை. மகரந்தம் நாலு நாலு மணியாகச் சேர்ந்து, கரண்டி வடிவத்தில் உள்ள ஒரு தாங்கியில் கொட்டிக் கிடக்கும்; வருகிற பூச்சி கரண்டியோடு தூக்கிக்கொண்டு போகும். இந்தக் கரண்டி எப்படி அமைந்திருக்கிறது, இதழின் அடியில் உள்ள செதில்கள் எத்தனை, இதழின் உட்புறம் மயிர் உண்டா, மொக்கில் இதழ்கள் எப்படி மடிந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதுவரை அச்சான எந்தப் பேரினத்தோடும் பொருந்தவில்லை என்று கண்ட பிறகுதான் புதிய பேரினம் என்று எழுத முடியும். காட்டில் செடியைக் கண்டது வேலையின் முதல் கால் பங்கு. மீதி மேசையில் நடக்கிறது.

1834-இல் வைட் திரும்பி வந்தார். பெல்லாரியில் ஒரு காலாட்படைக்கு மருத்துவர். படை பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடந்தது; 700 மைலுக்கு மேல். வைட்டும் நடந்தார், செடி பறித்துக்கொண்டே. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் குற்றாலம். தென்னிந்தியச் செடிகளின் பழைய பதிவுகளைப் புரட்டுகிறவர்களுக்குக் 'கோர்ட்டாலம்' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதில் பாதிக்குக் காரணம் வைட் அங்கே இருந்த காலம். 1836-இல் அவர் பழனி மலையில் ஏறினார். மறு ஆண்டு அந்தப் பயணத்தைப் பற்றி 'வராககிரி அல்லது பழனி மலை' என்று சென்னை இலக்கிய அறிவியல் இதழில் விரிவாக எழுதினார். கொடைக்கானல் என்ற ஊர் அப்போது உருவாகியிருக்கவில்லை.

அதே 1836-இல் அரசாங்கம் அவரைப் பட்டாளத்திலிருந்து எடுத்து வருவாய்த் துறையில் போட்டது. எட்டு வருஷத்துக்கு முன் வேண்டாம் என்று தள்ளிய ஆளை, பருத்தி, புகையிலை, நிலாவரை என்று பணம் தரும் பயிர்களைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னது. அரசாங்கங்கள் அன்றும் இப்படித்தான். வைட் அறிக்கைகளை எழுதினார். சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு 1838-இல் ஒரு பைத்தியக்கார வேலையைத் தொடங்கினார்.

அதுவரை இந்தியச் செடிகளுக்கு வந்த படப்புத்தகங்கள் ராஜாக்கள் வாங்குவதற்கு ஏற்றவை. ராக்ஸ்பர்க்கின் சோழமண்டலக் கரைச் செடிகள் 1795 முதல் 1820 வரை லண்டனில் வெளியானது: 300 படங்கள், மேசையை அடைக்கிற அளவு, கையால் வண்ணம் தீட்டியவை. வாலிச்சின் அரிய ஆசியச் செடிகளும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை, அதே ஆடம்பரம். இதில் என்ன பிரயோசனம் என்று வைட் யோசித்திருக்க வேண்டும். குற்றாலத்தில் ஒரு செடியைப் பறித்துக்கொண்டு இது எது என்று திண்டாடும் பட்டாள டாக்டரிடம் அந்தப் புத்தகம் இருக்காது. இருந்தாலும் 300 படங்களுக்குள் அவர் கையில் உள்ள செடி இருக்காது. வேண்டியது அழகான முந்நூறு இல்லை, மலிவான ஆயிரக்கணக்கு.

அதற்கு வழி கல்லச்சு. செப்புத் தகட்டில் செதுக்குவதற்கு வருஷக் கணக்கில் பழகிய கைவினைஞன் வேண்டும். காசும் நேரமும் அதிகம். கல்லச்சில் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மையால் வரைந்தால் போதும். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைக் குடிக்கும், கோடு குடிக்காது. மையை உருட்டினால் கோட்டில் மட்டும் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் படம். வைட் தானே இந்தக் கலையைக் கற்றுக்கொண்டார். சென்னையில் ஃபாரோ என்பவரின் வெளியீடாக, பகுதி பகுதியாக, சந்தாதாரர்களை நம்பி வேலை தொடங்கியது. ஒன்று, 'இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள்' என்ற வண்ணப் பதிப்பு. மற்றது வண்ணமே இல்லாத, வெறும் கோட்டுப் படங்களால் ஆன 'கிழக்கிந்தியத் தாவரப் படங்கள்'. லத்தீனில் 'ஐகோன்ஸ்' என்று தொடங்கும் பெயர். தாவரவியலாளர்கள் இன்றும் 'வைட் ஐகோன்ஸ்' என்றே சொல்கிறார்கள். 1853-இல் அது முடிந்தபோது 6 தொகுதிகள், 2,101 படங்கள்.

தொடக்கப் பகுதிகளில் பல படங்கள் சொந்தச் சரக்கு இல்லை. கல்கத்தாத் தோட்டத்தில் அச்சேறாமல் கிடந்த ராக்ஸ்பர்க்கின் ஓவியங்களைப் படியெடுத்து வாங்கிப் போட்டார். அதுவும் நல்ல காரியந்தான். ராக்ஸ்பர்க் எழுத்தில் மட்டும் விவரித்துவிட்டுப் போன செடிகளுக்கு அப்போதுதான் முகம் கிடைத்தது. போகப்போக ரங்கையாவின் படங்கள் பெருகுகின்றன. 1840-களின் நடுவில் அவர் மறைந்து, கோவிந்து வருகிறார்.

ஒரு படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காசித்தும்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நனைந்த பாறைகளில் மழைக்காலத்தில் பூக்கும் காட்டுக் காசித்தும்பை. வைட் இந்தக் கூட்டத்தில் மட்டும் நிறையச் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தார். தாளின் பெரும்பகுதியில் செடி நிற்கிறது: தண்டு, இலை, மொக்கு, மலர்ந்த பூ, காய், எல்லாம் ஒரே கிளையில். கீழே ஓரமாகச் சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் எண். பக்கவாட்டுப் புல்லிகள் இரண்டு. தேன் வைத்திருக்கும் வால் நீண்ட கீழ்ப்புல்லி தனியாக. மேலே குடைபோல் நிற்கும் ஒற்றை இதழ் தனியாக. பிளந்த இறக்கை இதழ்கள் தனியாக. மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூல்முடிமேல் தொப்பியாகக் கவிழ்ந்திருப்பது தனியாக. குறுக்கே வெட்டிய சூலகம், உள்ளே விதை எந்த வரிசையில் இருக்கிறது என்பது தெரியும்படி. மூலையில் பொடி எழுத்தில் வரைந்தவர் பெயர். இன்னொரு மூலையில் கல்லில் ஏற்றியவர் பெயர். மலையிலிருந்து பறித்து வந்தவருக்கு அந்தத் தாளில் மூலை கிடைக்கவில்லை.

காசித்தும்பையை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அழுத்திக் காயவைத்தால் இந்தப் பூ பாழ். இதழ் ஈரத்தாளில் ஒட்டி மெல்லிய சவ்வாகிவிடும். எது இறக்கை, எது குடை என்று பிறகு பிரிக்க முடியாது. வண்ணமும் போய்விடும். ஹூக்கரின் மகன் ஜோசப் ஹூக்கர், இந்தியத் தாவரங்கள் அனைத்துக்கும் ஏழு தொகுதி நூல் எழுதி முடித்த பெரிய மனிதர், 1911-இல் சாகும்வரை கடைசி ஆண்டுகளைக் காசித்தும்பைகளோடு மல்லுக்கட்டியே கழித்தார். அவர் முன் இருந்தவை பெரும்பாலும் காய்ந்த மாதிரிகள். ரங்கையாவின் முன்னும் கோவிந்துவின் முன்னும் இருந்தது பறித்துக் கொண்டுவந்த பச்சைப்பூ. ஆர்க்கிட் பூக்களுக்கும் இதே கதைதான். ஓவியன் தாமதித்தால் சிற்றினமே கையை விட்டுப் போய்விடும்.

இதனால்தான் ஓவியர்களின் பங்கைப் பாதி என்று சொல்கிறேன். படம் விவரிப்புக்கு அலங்காரம் இல்லை. பல இடங்களில் படமே விவரிப்பு. உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தாவரப் பெயரிடல் சட்டமே அப்படிச் சொல்கிறது. 1908-க்கு முன் வெளியான சிற்றினப் பெயருக்கு எழுத்தில் விவரிப்பு இல்லாவிட்டாலும், உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் படம் இருந்தால் பெயர் செல்லும். கீழே ஓரமாக உள்ள அந்தச் சின்னத் துண்டுகளுக்குத்தான் அந்தச் சட்ட பலம். செடி முழுவதையும் எவ்வளவு அழகாக வரைந்தாலும், துண்டுகள் இல்லையென்றால் செல்லாது. அதோடு, பழைய உலர்மாதிரி தொலைந்துபோன இடத்தில், சிற்றினத்தின் பெயரைக் கட்டி நிறுத்தும் வகைமாதிரியாகப் படத்தையே தேர்ந்துகொள்ளலாம். ஐகோன்ஸ் படங்கள் அப்படித் தேர்வாகியிருக்கின்றன. 2007-க்குப் பின் பெயர் பெறும் பூச்செடிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. உலர்மாதிரியைத்தான் காட்டியாக வேண்டும்.

ஓவியர்களின் பங்கு எவ்வளவு என்பது வைட்டுக்குத் தெரிந்திருந்தது. 1853-இல் வந்த கடைசித் தொகுதியில் தரையில் வளரும் ஓர் ஆர்க்கிட். நரம்புகள் புடைத்த இலை, சின்னப் பூ. இதுவரை அறிந்த எந்தப் பேரினத்திலும் சேரவில்லை என்று முடிவுசெய்து அதற்குப் புதுப் பேரினம் கண்டார். பெயர் 'கோவிந்தூயா நெர்வோசா'. உறுப்புகளைப் பகுத்து வரைவதில் இவருக்கு இணையான ஆள் இவர் நாட்டவரிடையே இல்லை என்ற கருத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். கவர்னர்களின் பெயரையும் கவர்னர் மனைவிகளின் பெயரையும் தாங்கிய பூக்கள் காடெல்லாம் பூத்துக்கொண்டிருந்த காலத்தில், சம்பளத்துக்கு வரையும் இந்திய ஓவியர் ஒருவரின் பெயரை ஒரு பேரினத்துக்கே வைத்தது சாதாரணச் செய்தி இல்லை. 'இவர் நாட்டவரிடையே' என்ற எல்லைக்கோடு மட்டும் காலத்தின் கறை.

பெயர் நிலைக்கவில்லை. அந்த ஆர்க்கிட், 'டிராபிடியா' என்று முன்பே பெயர் பெற்ற பேரினத்துக்குள் அடங்குவது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். முந்திய பெயர்தான் செல்லும் என்பது விதி. கோவிந்தூயா இன்று இணைப்பெயர் பட்டியலில் கிடக்கிறது.

இந்த மாதிரிச் சறுக்கல் வைட்டுக்குப் பலமுறை நேர்ந்தது. நீலகிரியின் வெள்ளை லில்லி நல்ல உதாரணம். மலைச்சரிவில் புல்லுக்கு மேல் ஆளுயரம்கூட எழும்பி, நீண்ட குழல்போலப் பூக்கும் செடி. அதற்கு 1853-இல் 'லிலியம் நீல்கெரென்ஸ்' என்று பெயர் வைத்தார் வைட். அத்தோடு விட்டாரா? அதே தொகுதியில் அடுத்தடுத்த படங்களில், குழல் கொஞ்சம் வேறுமாதிரி இருந்த செடிக்கு 'லிலியம் டியூபிஃப்ளோரம்' என்று இன்னொரு பெயர். இன்று இரண்டும் ஒன்றே. அந்த ஒன்றும் தனிச் சிற்றினமா, இமயமலை லில்லியின் தென்னாட்டு வகையா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வேலை செய்தவரின் சங்கடத்தையும் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய மாதிரிகள் லண்டனில். கம்பெனியே கப்பலேற்றி அனுப்பியவை. புதிய புத்தகங்கள் வர மாதக் கணக்கில் ஆகும். ஜாவாவில் டச்சுக்காரர் ஒருவர் போன வருஷம் என்ன பெயர் வைத்தார் என்பது இங்கே தெரியவராது. இவ்வளவுக்கும் நடுவில் வைட் பெயர் வைத்து விவரித்தவை 110 பேரினங்கள், 1,267 சிற்றினங்கள் என்று கணக்கு. சறுக்கியவை போக நின்றவை ஏராளம். மாகாளி நின்றது, இன்றுவரை டெகாலெப்பிஸ் ஹாமில்டோனிதான்.

கோயம்புத்தூருக்கு அவர் 1842-இல் போனது பருத்திக்காக. அமெரிக்காவின் நீண்ட இழைப் பருத்தியை நம் கரிசலில் விளைவித்து மான்செஸ்டர் ஆலைகளுக்குத் தீனிபோட வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்துச் சோதனைப் பண்ணைகள் வைத்தார்கள், வைட் மேற்பார்வை. பதினோரு வருஷம் ஓடியது. எதிர்பார்த்த பலன் வரவில்லை. வைட்டின் அலுவல் வாழ்க்கையை அவருடைய மேலதிகாரிகள் அந்தப் பருத்தியைக் கொண்டுதான் எடை போட்டார்கள். அலுவல் நேரம் போக, பண்ணை வீட்டு மேசையில் கோவிந்து வரைந்துகொண்டிருந்தார். நீலகிரி, ஆனைமலைப் பக்கமிருந்து செடிக் கட்டுகள் வந்துகொண்டிருந்தன. நீலகிரிப் பூக்களுக்கென்றே வண்ணப் படங்களோடு தனி நூல் ஒன்று 1845 முதல் 1851 வரை வெளிவந்தது.

1853-இல் வைட் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். ரெடிங் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. அதன்பின் பெரிதாக எழுதவில்லை. தன் மாதிரிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் பார்க்கக் கொடுத்தார். 1872-இல் இறந்தார், ஜோசப் ஹூக்கரின் 'பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்' வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் வைட் ஐகோன்ஸின் பட எண்கள் மேற்கோளாக வருகின்றன.

ரங்கையாவும் கோவிந்துவும் வண்ணத்தில் வரைந்த மூல ஓவியங்களில் பல எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே பணிபுரிந்த ஹென்றி நோல்ட்டி அவற்றைத் தேடித் தொகுத்து, வைட்டைப் பற்றி 2007-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அதன் பிறகுதான் இந்த இரண்டு பெயர்களும் ஓவிய வரலாற்றுக்காரர்களின் காதில் விழுந்தன. கல்லச்சில் கோடாக மட்டும் தெரிந்த செடிகள் அங்கே பச்சையும் ஊதாவுமாக இருக்கின்றன. இலையின் அடிப்புறத்துச் சாம்பல் பூச்சுகூடத் தப்பவில்லை.

வைட் கப்பலேறியதும் கோவிந்துவுக்கு வேலை நின்றுவிடவில்லை. சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஹியூ கிளெகார்ன் அவரை அழைத்துக்கொண்டார். 1857-இல் கிளெகார்னுக்கு உதவியாளராக ஒரு பட்டாளத்து இளைஞர் சேர்ந்தார், ரிச்சர்ட் ஹென்றி பெடோம். பெரணிகளைப் பற்றியும் காட்டு மரங்களைப் பற்றியும் புத்தகம் போட வேண்டும் என்ற வெறி அவருக்கு. வரைய ஆள் வேண்டும். வைட்டிடம் தேர்ந்த கை சும்மா இருக்குமா? ஆனைமலையில் பெடோம் கண்ட புதுக் காசித்தும்பைகளில் ஒன்றுக்கு அவர் லத்தீன் பெயரைத் தேடவில்லை. 'இம்பேஷன்ஸ் தங்கச்சி' என்று வைத்தார். அந்தக் கதை அடுத்த இதழில்.